கரிமூட்டப் புகையில் தொடங்குங்கள்: கதிரியக்கப் படிவு மாடலைக் கள அளவுகளால் திருத்தும் முறை

சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துவிட்டால் ஒரு கரிமூட்டம் நாள் கணக்கில் புகையும். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் போனால் எங்காவது ஒன்று கண்ணில் படும். என் மாணவர்களுக்கு முதல் பாடத்தை அதற்கு எதிரே நின்றுதான் நடத்துகிறேன். மாசி, பங்குனியில் காற்று மெலிந்த நாளாகப் பார்த்துப் போவோம். காலை ஆறரைக்குப் புகை தரையை ஒட்டிப் படுத்தபடி தெற்கே கடலைப் பார்த்துப் போகும். ஒன்பது மணிக்கு நிமிர ஆரம்பிக்கும். பத்தரை, பதினொன்று வாக்கில் ஒரு ஐந்து நிமிடம் திசை தெரியாமல் சுழலும். அப்புறம் கடல்காற்று ஏறியதும் அப்படியே திரும்பி ஊருக்குள் வரும். காலையில் கடலுக்குப் போன புகையில் ஒரு பங்கும் அதோடு சேர்ந்து திரும்பும்.

அந்த ஐந்து நிமிடம் எந்த மணிக்கு வரும் என்று, காற்று எதை எங்கே கொண்டுபோய்ப் போடும் எனக் கணக்கிடும் உங்கள் கணினி மாடல் சரியாகச் சொல்கிறதா? சொல்லவில்லை என்றால், அணு உலை விபத்தில் வெளியாகும் பொருள் எங்கே போய் விழும் என்று அது சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது.

நான் இயற்பியல் ஆசிரியை. கல்லூரிக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் இந்தக் கணக்குப் போடும் வேலையைப் பார்த்தேன். ஊர் மண்டபம் பக்கம். அப்பா வத்தையில் (சிறு படகு) மீன் தொழிலுக்குப் போனவர். இந்தக் குறிப்பை, மாடலை ஓட்டத் தெரிந்த ஆனால் களத்தில் இறங்கிப் பழகாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். மாதிரி என்ற சொல் மண் மாதிரிக்கும் வேண்டும், கணினிக் கணக்குக்கும் வேண்டும். குழப்பம் வராமல் இருக்க, கணக்கை மாடல் என்றே சொல்கிறேன்.

கூடங்குளம் ராமநாதபுரத்துக்குத் தென்மேற்கே, நேர்க்கோட்டில் சுமார் 180 கி.மீ. கச்சான் வீசும் ஆனி, ஆடியில் அந்தப் பக்கமிருந்துதான் நமக்குக் காற்று. வினாடிக்கு 5 மீட்டர் வேகம் என்று வைத்தால் வந்து சேர பத்து மணி நேரம். கல்பாக்கம் வடக்கே சுமார் 380 கி.மீ.; வாடை மாதங்களில் அதைக் கணக்கில் வைக்க வேண்டும். யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அப்படி ஒரு நாள் வரவே வேண்டாம். ஆனால் மாடலைத் திருத்தும் வேலையை அந்த நாளில் ஆரம்பிக்க முடியாது, ஒன்றும் நடக்காத நாட்களில்தான் செய்து வைக்க வேண்டும்.

காற்றைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1954 மார்ச் 1 சாட்சி. பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக, 15 மெகாடன் அளவுக்கு வெடித்தது. மேல்மட்டக் காற்று கிழக்கே திரும்பியிருந்தது. ரோங்கலாப் தீவு மக்கள் மேல் சாம்பல் விழுந்தது. அறிவித்த அபாய எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேலும் விழுந்தது. அதில் இருந்தவர்கள் 23 பேர். வெள்ளைத் தூள் தளத்தில் கால் தடம் பதியும் அளவுக்குப் படிந்தது, அது என்னவென்று தெரியாமலே அவர்கள் வலையை இழுத்து முடித்தார்கள். கடலோரத்தில் பிறந்த எனக்கு இந்த ஒரு சம்பவமே போதும், இந்த வேலையை விடாமல் செய்ய.

புகையை வைத்துப் பழகுவது

கரிமூட்டத்திலிருந்து பக்கவாட்டில் 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூன்றைக் குறியுங்கள்: திசைகாட்டியில் புகை போகும் திசை, புகையின் மேல் விளிம்பு தெரியும் கோணம், மணி. 200 மீட்டர் தூரத்தில் 27 டிகிரி கோணம் என்றால் புகை சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பனைமரம் படத்துக்குள் வரட்டும், உயரத்தைச் சரிபார்க்க உதவும். புகை திரும்பிய நிமிடத்தைத் தனியாக அடிக்கோடிடுங்கள்.

வீட்டுக்கு வந்து அதே நாளுக்கு மாடலை ஓட்டுங்கள். அமெரிக்காவின் நோவா என்ற வானிலை, கடல் ஆய்வு அமைப்பு தரும் ஹைஸ்பிளிட் என்ற பரவல் மாடல் இலவசம், இணையத்திலேயே ஓட்டலாம். அதற்குக் கொடுக்கும் உலகளாவிய வானிலைத் தரவில் ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது சுமார் 27 கி.மீ. பாம்பன் தீவை அந்தக் கட்டங்களுக்குள் பொருத்திப் பாருங்கள். மண்டபம் முனை, பாம்பன் கால்வாய், ராமேசுவரம், தனுஷ்கோடி மணல்திட்டு என்று நமக்குத் தெரிந்த எல்லாம் இரண்டு மூன்று கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் பெரும்பங்கு நீர் என்பதால் மாடல் அதைக் கடல் என்று எடுத்துக்கொள்ளும். கடலுக்குக் கடல்காற்று கிடையாது. ஆகவே புகை திரும்புவதை அது பார்க்கவே பார்க்காது, இல்லையென்றால் நேரம் தப்பிப் பார்க்கும். இதற்குத் தீர்வு, டபிள்யூ.ஆர்.எஃப். போன்ற ஒரு வட்டார வானிலை மாடலை 3 கி.மீ. அல்லது 1 கி.மீ. கட்டத்தில் ஓட்டி, அந்தக் காற்றைப் பரவல் மாடலுக்குக் கொடுப்பது. கொடுத்த பிறகும் திரும்பும் நேரத்தைப் புகையோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

நமக்கு இன்னொரு சிக்கல், இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ராமேசுவரத்தில் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள். வெயில் ஏறியதும் இரண்டு பக்கமிருந்தும் காற்று உள்ளே வரப் பார்க்கும். எது ஜெயிக்கும் என்பது அன்றைக்கு வட்டாரம் முழுக்க வீசும் பொதுக் காற்றைப் பொறுத்தது. இதில் தொழிலுக்குப் போகிறவர்களின் கண் பெரிய உதவி. அப்பா தெருவில் நின்றே "காத்து திரும்பிருச்சு தாயி, மணியக் குறிச்சுக்க" என்பார். மண்டபம் காற்றுமானி அதைக் காட்டுவதற்குச் சில நிமிடம் முன்னாலேயே சொல்லிவிடுவார். இப்போதும் வேதாளை, புதுமடம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் மூன்று பேர் கடல்காற்று ஏறும் மணியை எனக்குக் குறித்துத் தருகிறார்கள். கொண்டலா, கச்சானா, வாடையா என்று ஒரே சொல்லில் எழுதுவார்கள். அதைத் திசைக் கோணமாக மாற்றுவது என் வேலை. இந்த மாதிரித் தரவை விஞ்ஞானம் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். காற்று திரும்பிய நேரம் கால் மணி நேரத் துல்லியத்தில் கிடைக்கிறது என்றால் அது தங்கம்.

கடிகாரம்

ஒரு முறை வேறொரு குழுவின் தரவோடு எங்கள் தரவைச் சேர்த்து ஒரு பயிற்சி செய்தோம். மாடலுக்கும் அளவுக்கும் ஒட்டவே இல்லை. தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை காற்று கலக்கும் என்ற எண்ணை மாற்றினோம், துகள் தரையில் படியும் வேகத்தை மாற்றினோம், மூன்று வாரம் போனது. கடைசியில் ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள். அவர்கள் கோப்பில் நாளின் உச்ச வெப்பம் காலை எட்டரைக்கு வந்திருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு வர வேண்டியது! கருவி உலகப் பொது நேரத்தில் ஓடியிருக்கிறது. கோப்பில் யாரும் அதை எழுதவில்லை. ஐந்தரை மணி நேர வித்தியாசம். வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் அது 99 கி.மீ. கதிரியக்கப் பொருளைச் சுமந்து வரும் ஒரு காற்று மேகம் கீழக்கரையில் இருக்கிறதா, தூத்துக்குடியைத் தாண்டவில்லையா என்ற அளவுக்கான தவறு.

அன்றிலிருந்து என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "இந்திய நேரம்" என்று கையால் எழுத வைக்கிறேன். மாடலுக்குக் கொடுக்கும் முன் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை மாற்றுவோம். இடக்குறியும் அப்படித்தான்: டிகிரியை தசமத்தில், நான்கு இலக்கம் வரை எழுதினால் சுமார் 11 மீட்டர் துல்லியம். "பள்ளிவாசலுக்கு எதிரே" என்று எழுதினால் அடுத்த வருடம் வருகிறவருக்கு எந்தப் பள்ளிவாசல் என்று தெரியாது.

ஒன்றும் இல்லாத நாளின் அளவு

கதிர்வீச்சை அளக்கும் கைக்கருவியான சர்வே மீட்டரைத் திறந்தாலே ஏதாவது ஒரு எண் வரும். மண்ணில் உள்ள பொட்டாசியம், தோரியம், யுரேனியம், மேலே இருந்து வரும் காஸ்மிக் கதிர் எல்லாம் சேர்ந்தது அது. இந்தப் பின்னணி அளவு தெரியாமல் விபத்து நாளில் எடுக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. ஆகவே முதல் வருடம் முழுக்கப் பின்னணியை மட்டும் எடுங்கள். சலிப்பான வேலைதான். மாடலைத் திருத்த இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

நாங்கள் அளவெடுக்கும் இடங்களின் கோடு ஒரு கடலில் தொடங்கி மறு கடலில் முடிகிறது. கீழக்கரைக் கடற்கரை, திருப்புல்லாணி, ராமநாதபுரம், அங்கிருந்து தேவிபட்டினம். கரையை ஒட்டியே போகாமல் இப்படிக் குறுக்கே போவதற்கு ஒரு காரணம் உண்டு. கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்து, அடுக்கு கலையாமல் வரும். சூடான மணலைத் தொட்டதும் கீழிருந்து கலங்க ஆரம்பிக்கும். உள்ளே போகப் போக அந்தக் கலங்கல் அடுக்கு உயரும். மேலே மெல்லிய பட்டையாகப் போய்க்கொண்டிருக்கும் மேகம் அந்த அடுக்கு தொடும் இடத்தில் சட்டென்று தரைக்கு இறங்கும். கரையில் ஒன்றும் இல்லை, பல கி.மீ. உள்ளே அளவு அதிகம் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் மீட்டரோடு போய்வந்தால் இது கண்ணில் படாது.

இடம் தேர்வு செய்யும்போது திறந்த, சமமான, நீண்ட காலம் யாரும் கிளறாத மண் வேண்டும். தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் பிடித்த கருவி சுற்றிலும் பத்து மீட்டருக்கு மேல் உள்ள மண்ணையும் சேர்த்துப் பார்க்கும். கருங்கல் சுவர், செங்கல் கட்டடம், ஜல்லி போட்ட சாலை எல்லாமே எண்ணை மாற்றும். அலை ஒதுக்கிய கருமணல் கீற்றின் மேல் நிற்காதீர்கள். அதில் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமம் இருக்கலாம். ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து நீர் சொட்டும் இடமும் ஆகாது. கூரை முழுக்க விழுந்தது அந்த ஒரு கோட்டில் வந்து சேரும்.

ஒரு எண்ணைப் பார்த்ததும் எழுதிவிட்டுக் கிளம்பக் கூடாது. கதிரியக்கச் சிதைவு தற்செயல் நிகழ்வு. 100 எண்ணிக்கை வந்தால் பிழை 10 சதவீதம். 10,000 வந்தால் 1 சதவீதம். பின்னணி குறைவான மணல் பகுதியில் பத்து நிமிடம் நின்றால்தான் உருப்படியான எண் கிடைக்கும். வெயிலில் பத்து நிமிடம் என்பது நீளம்தான். குடை பிடித்துக்கொள்ளுங்கள்.

மழை

ஐப்பசியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குப் போன் வந்தது. "மேம், மீட்டர் ஏறிக்கிட்டே போகுது" என்றான் மாணவன். குரலில் நடுக்கம். வெளியே இடி மழை. பின்னணியைவிடக் கிட்டத்தட்டப் பாதி மடங்கு ஏறியிருந்தது. மழை நின்றபின் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை படித்துச் சொல்லச் சொன்னேன். அரை மணியில் ஏற்றத்தில் பாதி போயிற்று, இரண்டு மணி நேரத்தில் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது. அது ரேடான். மண்ணிலிருந்து வெளியேறும் ரேடான் வாயு காற்றில் சிதைந்து ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகிறது. மழை அவற்றைக் கழுவித் தரைக்குக் கொண்டுவருகிறது. முதலாவதின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 27 நிமிடம், இரண்டாவதுக்கு 20 நிமிடம். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் இறங்கியது. உலை விபத்தில் வெளியாகும் சீசியம்-137 விழுந்திருந்தால் இறங்காது, அதன் அரை ஆயுள் 30 வருடம். மீட்டர் ஏறினால் முதலில் மழை பெய்ததா என்று பாருங்கள், அடுத்து இரண்டு மணி நேரம் தொடர்ந்து படியுங்கள்.

இந்த ரேடான் ஏற்றத்தையே மாடலுக்குப் பயிற்சியாகப் பயன்படுத்தலாம், அதுதான் இதில் அழகு. கடல் நீரிலிருந்து ரேடான் வெளியேறுவது நிலத்தைவிட நூறு மடங்கு அளவுக்குக் குறைவு. வங்கக் கடலிலிருந்து நேராக வந்த காற்றில் பெய்யும் மழைக்கு ஏற்றம் கொஞ்சமாக இருக்கும். நிலத்தின் மேல் சுற்றிவிட்டு வந்த காற்றில் இடி மழை பெய்தால் நிறைய ஏறும். அன்றைக்குக் காற்று எங்கிருந்து வந்தது என்று மாடலைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். அது கடல் வழி காட்டி, மீட்டர் நிலம் என்று சொன்னால், எங்கோ இடிக்கிறது.

மழை ஏன் இவ்வளவு முக்கியம்? வழக்கமாக மாடலில் போடும் தொடக்க எண்களை வைத்தே பார்க்கலாம். மழை இல்லாமல் துகள் படியும் வேகம் வினாடிக்கு 0.1 செ.மீ. என்று எடுத்தால், 1,000 மீட்டர் உயரம் வரை கலந்த மேகத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் தரைக்கு வருவது 0.4 சதவீதத்துக்கும் குறைவு. மணிக்கு 1 மி.மீ. தூறலுக்கு, கழுவும் வீதம் வினாடிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று போட்டால், அதே ஒரு மணி நேரத்தில் இறங்குவது சுமார் 30 சதவீதம். எண்பது மடங்கு வித்தியாசம். 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபிலில் வெளியானது, இரண்டு நாள் கழித்து ஸ்வீடனில் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துக்கு வந்த ஒரு ஊழியரின் காலணியில் தெரிந்தது. மழை பெய்த இடங்களில் திட்டுத் திட்டாகப் படிந்தது. பிரிட்டன் மலைப் பகுதிகளில் ஆடுகளுக்கு விதித்த கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது.

நம் மாவட்டத்தில் பெரும்பங்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதுவும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். வானிலைத் துறையின் தினசரி மழை அளவு காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரைக்குமானது. வருடக் கணக்குக்கு அது போதும், படிவுக் கணக்குக்குப் போதாது. கதிரியக்க மேகம் தலைக்கு மேல் இருந்த நாற்பது நிமிடத்தில் பெய்ததா, அது போன பிறகு பெய்ததா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கோட்டில் உள்ள ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதியும் தானியங்கி மழைமானி வையுங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், கதிர்வீச்சு மீட்டர் இன்னொன்று வாங்குவதைவிட மழைமானி வாங்குவதுதான் நல்லது என்பேன்.

மண்ணும் காற்றும்

புதிதாக விழுந்த சீசியத்தை அளக்க மேல் 5 செ.மீ. மண் போதும். 10 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயை அடித்து எடுத்தால் பரப்பு 78.5 சதுர செ.மீ. என்று கணக்குத் தெளிவாக இருக்கும். மண்வெட்டியால் அள்ளினால் பரப்பு தெரியாது. பரப்பு தெரியாத மண் மாடலுக்கு உதவாது, ஏனென்றால் மாடல் சொல்வது சதுர மீட்டருக்கு இத்தனை பெக்கரல் (வினாடிக்கு ஒரு சிதைவு என்பது ஒரு பெக்கரல்) என்றுதான். ஒரு இடத்தில் ஐந்து குழாய் எடுத்துக் கலக்கி ஒன்றாக்குங்கள். ஒவ்வொரு முறையும் குழாயைக் கழுவித் துடையுங்கள். 1950, 60-களின் குண்டுச் சோதனையில் விழுந்த சீசியம் இன்னமும் நம் மண்ணில் கொஞ்சம் இருக்கிறது என்பதால், பின்னணி எடுக்கும்போதே மண்ணையும் எடுத்து வைக்க வேண்டும்.

நம் ஊர் மண்ணுக்கு ஒரு எச்சரிக்கை. சீசியம் களிமண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெறும் மணலில் அவ்வளவு பிடிப்பு இல்லை. மழைத் தண்ணீர் களிமண்ணைச் சுமந்துகொண்டு கண்மாய்க்குப் போகும். கண்மாய்க் கரம்பையில் எடுத்தால் சுற்று வட்டாரம் முழுக்க விழுந்தது அங்கே கூடியிருக்கும். கரை மணலில் எடுத்தால் குறைந்திருக்கும். இரண்டுமே அந்த இடத்தில் விழுந்த அளவைச் சொல்லாது. பழைய கல்லறைத் தோட்டம், கோயில் வெளிப்பிரகாரத்துப் புல்தரை போன்ற, தண்ணீர் ஓடி வராத, ஓடிப் போகாத இடம் தேடுங்கள். அனுமதி கேட்டு, எதற்கென்று விளக்கிச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

காற்றை உறிஞ்சி வடிகட்டியில் பிடிக்கும்போது தொடங்கிய மணி, நிறுத்திய மணி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற மூன்றும் இல்லாவிட்டால் அந்த வடிகட்டி வெறும் காகிதம். கண்ணாடி இழை வடிகட்டி துகளைப் பிடிக்கும், வாயுவாக இருக்கும் அயோடினைப் பிடிக்காது. அதைப் பிடிக்க, வடிகட்டிக்குப் பின்னால் கரி அடைத்த பெட்டி வைக்க வேண்டும்.

எங்கே பிழை என்று படிப்பது

இனிதான் முக்கியமான இடம். அளவு ஒரு பக்கம், மாடல் சொன்னது ஒரு பக்கம். ஒட்டவில்லை. உடனே, உலையிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்று மாடலுக்குக் கொடுக்கும் வெளியேற்ற அளவைக் கூட்டிக் குறைத்து ஒட்ட வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும், ஏனென்றால் அது ஒரே ஒரு எண், மாற்றுவது சுலபம். தயவுசெய்து அங்கே போகாதீர்கள், குறைந்தபட்சம் முதலில் போகாதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அளவை மாடலால் வகுத்து, அந்த விகிதத்தை வரைபடத்தில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள்.

எல்லா இடத்திலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றாக, உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் மூன்று என்று வந்தால், மேகம் போன வழி சரி. வெளியேற்ற அளவுதான் குறைத்துப் போட்டிருக்கிறது. கோட்டின் மேற்குப் பக்கம் விகிதம் பத்து, கிழக்குப் பக்கம் பத்தில் ஒன்று என்றால் காற்றின் திசை தப்பு. அதை வெளியேற்ற அளவால் திருத்தவே முடியாது. நூறு கி.மீ. தூரத்தில் பத்து டிகிரி தவறினால் மேகம் சுமார் 17 கி.மீ. தள்ளிப் போயிருக்கும். பக்கத்தில் ஒட்டி, தூரத்தில் விகிதம் தொடர்ந்து மாறிக்கொண்டே போனால் படியும் வேகத்தையோ கலக்கும் உயரத்தையோ பாருங்கள். நடுவில் ஒரு திட்டில் மட்டும் பல மடங்கு கூடியிருந்தால் மழை. வந்த நேரம் தப்பி, அளவு சரியாக இருந்தால் காற்று வேகம் அல்லது வெளியேறத் தொடங்கிய மணி. கடிகாரத்தையும் மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நடந்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். ஜப்பானிடம் ஸ்பீடி என்ற கணிப்பு அமைப்பு இருந்தது. உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்ற எண் கிடைக்காததால், மணிக்கு 1 பெக்கரல் என்று பாவனையாகப் போட்டு ஓட்டினார்கள். அளவு தெரியாவிட்டாலும் திசை அதில் தெரிந்தது. அது மக்களை வெளியேற்றும் முடிவுக்குப் பயன்படவில்லை. மார்ச் 15-ல் காற்று வடமேற்கே திரும்பியது, மழையும் பனியும் பெய்தது. 30 கி.மீ.க்கு வெளியே இருந்த இட்டாட்டே கிராமத்தில் படிந்தது. அந்த மக்களை வெளியேறச் சொன்னது ஏப்ரலில்தான். பின்னால் அங்கங்கே காற்றில் எடுத்த அளவுகளை அந்த 1 பெக்கரல் கணக்கால் வகுத்துத்தான் உண்மையில் எவ்வளவு வெளியேறியது என்று ஜப்பான் அணுசக்தி முகமை ஆய்வாளர்கள் கணித்தார்கள். நான் மேலே சொன்ன அதே விகிதம்தான்.

ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை வகைகளான ஐசோடோப்புகளின் விகிதமும் பேசும். ஃபுகுஷிமாவில் சீசியம்-134-ம் 137-ம் கிட்டத்தட்டச் சமமாக வெளியேறின. செர்னோபிலில் 134 பாதிதான். 134-ன் அரை ஆயுள் இரண்டு வருடம் என்பதால் பழைய குண்டுச் சோதனைச் சீசியத்தில் அது மிச்சமே இருக்காது. மண்ணில் 137 மட்டும் தெரிந்து 134 துளியும் இல்லை என்றால், அது தாத்தா காலத்தில் விழுந்தது.

இன்னொன்று. எதுவும் தெரியாத இடத்தின் அளவையும் அனுப்புங்கள். "ஒன்றும் இல்லை, அதனால் எழுதவில்லை" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். மேகத்தின் ஓரம் எங்கே முடிந்தது என்பதை அந்த இடம்தானே சொல்கிறது? பூஜ்யம் என்று எழுதாமல், கருவி கண்டுபிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு என்னவோ அதைவிடக் குறைவு என்று எழுதுங்கள்.

அளவையும் கணக்கையும் சேர்ப்பது

காற்றையும் மழையையும் சரிசெய்த பிறகும் வித்தியாசம் இருக்கும். அப்போதுதான் இரண்டையும் எடை போட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு பயிற்சிக் கணக்கு: ஓர் இடத்தில் மாடல் 40 என்கிறது, மண் 10 என்கிறது. மாடல் மூன்று மடங்கு வரை தவறலாம், மண் அளவு ஒன்றரை மடங்கு வரை தவறலாம் என்று வைப்போம். படிவு மடங்கு மடங்காக மாறுவதால் மடக்கையில் கணக்கிட வேண்டும். மூன்றின் இயல் மடக்கை 1.1, அதன் வர்க்கம் 1.21. ஒன்றரையின் மடக்கை 0.405, வர்க்கம் 0.164. அளவுக்குக் கிடைக்கும் எடை 1.21-ஐ இரண்டின் கூட்டலால் வகுத்தது, அதாவது 0.88. இருபது தடவை கணினியில் செய்வதற்கு முன் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் திருத்திய விடை சுமார் 12 என்று வரும். கால்மன் வடிகட்டி என்று பெரிய பெயரில் சொல்வது இதையே, பக்கத்து இடங்களுக்கும் பரப்பி, நேரத்தோடு நகர்த்திச் செய்வது.

மண் அளவின் பிழையைக் குறைத்துச் சொல்லும் ஆசை வரும், ஏனென்றால் ஆய்வகச் சீட்டில் 5 சதவீதம் என்றுதான் இருக்கும். அது எண்ணும் கருவியின் பிழை. பத்து மீட்டர் தள்ளி எடுத்திருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்பதையும் சேர்க்க வேண்டும். ஒரே மைதானத்தில் ஐந்து இடத்தில் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள், உண்மையான பிழை கண்முன் நிற்கும்.

எடுத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கைத் திருத்தத்துக்குக் கொடுக்காமல் பூட்டி வையுங்கள். திருத்திய மாடல் அந்த இடங்களில் பாதியிலிருந்து இரண்டு மடங்குக்குள் எத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்பதுதான் சோதனை. ஐரோப்பாவில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். 1994 அக்டோபர் 23-ல் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலிருந்து தீங்கில்லாத ஒரு வாயுவை 12 மணி நேரம் வெளியே விட்டு, 17 நாடுகளில் 168 நிலையங்களில் பிடித்தார்கள். அந்தத் தரவில் இன்றைக்கும் புது மாடல்களைச் சோதிக்கிறார்கள்.

உண்மையான அவசரம் என்று அறிவிப்பு வந்தால் மீட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். மாவட்ட நிர்வாகம் சொல்வதைக் கேட்டு, கதவு ஜன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள். அளப்பதற்குப் பயிற்சியும் பாதுகாப்பும் உள்ள குழுக்கள் இருக்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையம் நாடு முழுக்கத் தானியங்கிக் கருவிகள் வைத்திருக்கிறது. நாம் அந்த நேரத்தில் கொடுக்கக்கூடியது முன்பே எடுத்து வைத்த பின்னணி, மழைமானியின் பத்து நிமிடப் பதிவு, காற்று திரும்பிய மணிகள். அவற்றை ஒரே கோப்பில், நேரம், இடம், உயரம், பிழை எல்லாம் எழுதி, கருவியை அளவுதிருத்தம் செய்த தேதியோடு இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். எங்கள் பிரதி ஒன்று கல்லூரியில் இருக்கிறது. இன்னொன்று அப்பாவின் பழைய தகரப் பெட்டியில், முதல் வருட நோட்டுகளோடு இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் கீழக்கரை மழைமானிக்குள் குளவி கட்டிய கூட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம்.